கொடியில் துணி கிடக்கும் தெரு

ஒரு தெருவில் யார் யாரிடம் பேசக் கூடாது என்பதை அந்த அக்காவைப் போல அவ்வளவு அன்பாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், மலைச்சரிவை வெட்டி ஏழெட்டு வீடுகள் கட்டியிருந்த ஒற்றைத் தெரு அது. நான் அங்கே வீடு வாங்கப் போனவன். என்னைக் கோயம்புத்தூரிலிருந்து மலைக்கு மாற்றியிருந்தார்கள். அது தண்டனையா பரிசா என்று இன்றுவரை தெரியாது, கேட்கப் பயம். தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம். பச்சை இலைக்குக் கிடைத்த காசு பறிக்கிற கூலிக்கே பத்தவில்லை. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. தேயிலை நன்றாக விற்ற நாளில் ஆசை ஆசையாக வீடு கட்டியவர்கள் அதைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார்கள். கோயம்புத்தூரில் மாட்டுக் கொட்டகை வாங்கும் விலைக்கு இங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு கிடைத்தது. மலிவாக வந்தால் யானையைக்கூட வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு தீனிக்கு யோசிக்கும் பரம்பரை எங்களுடையது.

ஆனால் நான் பயந்த சுபாவம். கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிறவன். ஆகவே புரோக்கரிடம் ஒரே நிபந்தனை வைத்தேன். விலை முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, அக்கம்பக்கம் ஆள் இருக்க வேண்டும்.

"ஆளுங்களா? வந்து பாருங்க" என்று அவர் இந்தத் தெருவுக்குக் கூட்டி வந்தார். வெயில் அடித்த காலை. எல்லா வீட்டுக் கொடியிலும் துணி. ஒரு வாசலில் சைக்கிள், ஒரு வாசலில் வரிசையாகச் செருப்பு. எதிர் வீட்டுக்குள் ரேடியோவில் செய்தி. இரண்டு வீடு தள்ளிப் புகைபோக்கியில் புகை. "ஏனுங்க, தெருவே கல்யாண ஊடு மாதிரி இருக்குதுங்க" என்றேன். புரோக்கர் வேறு ஊர்க்காரர். அவருக்கும் கண்ணில் பட்டதுதான் தெரியும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து அக்கா டீயோடு வந்தார். நெடுநெடுவென்று உயரம். நரைத்த கொண்டை. புடவைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கீழே கான்வாஸ் ஷூ. மூடிப்போன ஒரு டீ ஃபேக்டரியின் ஆபீசில் கணக்கு எழுதியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வாசல் தாழ்வாரத்தை இன்னமும் 'இஸ்தோப்பு' என்பார்.

"நம்ம தெரு நல்ல தெரு தம்பி. எல்லாரும் நல்லவங்க" என்று ஆரம்பித்தார். "எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர்கிட்ட மட்டும் பேச்சுக் குடுத்துறாதீங்க. ரேடியோ கேட்கிறப்ப கதவத் தட்டினா அவருக்குப் பிடிக்காது."

"அந்த நீலக் கதவுங்க?"

"பிள்ளைத்தாச்சி. படுத்தே இருக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பாவம், தூங்கட்டும்."

"கடைசி வீடு?"

"அவங்க வேற சபை. நல்லவங்கதான். ஆனா வாசல்ல காலு வச்சா உங்கள மனந்திருப்பாம அனுப்ப மாட்டாங்க."

ஒவ்வொரு வீட்டிலும் ஆள். ஒவ்வொரு ஆளிடமும் போகாமலிருக்க ஒரு காரணம். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரிடமும் போகாமல், ஆனால் எல்லோரும் பக்கத்திலேயே இருக்க, நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது என்பது என் வாழ்நாள் கனவு. வாங்கிவிட்டேன்.

பால் காய்ச்சும் நாளன்று நாற்பது பேருக்குப் பால் வாங்கினேன். மனைவியும் மகளும் பள்ளிக்கூட லீவுக்குத்தான் மேலே வருவதாக ஏற்பாடு. அதனால் நானே அடுப்பு மூட்டி, நானே பொங்க விட்டு, கையைச் சுட்டுக்கொண்டேன். அக்கா மட்டும் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "எல்லாரும் கூச்சப்படறாங்க தம்பி. நான் கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்று தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். அரை மணி நேரத்தில் அத்தனை டம்ளரும் காலியாகத் திரும்பி வந்தன.

"மிலிட்டரிக்காரர் சக்கரை கம்மின்னார்."

எனக்கு அதில் சின்ன மனவருத்தம்கூட ஏற்பட்டது.

தெருவில் ஆள் யாரும் கண்ணில் படாததை நான் கவனிக்காமல் இல்லை. மலை ஜனங்கள் குளிருக்கு உள்ளேயே இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸ் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அப்படித்தானே இருந்தேன். மனைவிக்கு எழுதியபோது, 'ஒரு வீடு காலி இல்லை, தெருவே நிறைந்து கிடக்கிறது, எதிர்வீட்டில் மிலிட்டரிக்காரர், நீலக் கதவு வீட்டில் பிள்ளைத்தாச்சி' என்று எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு ரேடியோ பாட்டை விட்டுவிட்டுக் கரகரவென்று இரையத் தொடங்கியது. நிறுத்துவாரில்லை. சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்தேன், அதே இரைச்சல். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. தெருவைக் கடந்து மிலிட்டரிக்காரர் கதவைத் தட்டினேன். மன்னிப்பு வாசகங்களைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் திறக்கவில்லை. ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்தது.

உள்ளே வெறும் தரை. ஒரு நாற்காலி. நாற்காலிமேல் ரேடியோ. தரையெல்லாம் எலிப் புழுக்கை. மனிதர் புழங்கிய தடம் ஒன்றே ஒன்று, கதவிலிருந்து நாற்காலி வரை போய்த் திரும்பும் காலடித் தேய்வு.

திரும்பினேன். நீலக் கதவில் துருப்பிடித்த பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. எல்லாக் கொடிகளிலும் துணிகள் காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தன. கொடியில் தொங்கும் சட்டைக்குள் ஆள் இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொள்ள இந்தத் தெருவில் ஒருவருமே இல்லை என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

அந்தச் சமயத்தில்தான் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. கீழ்க்கோடி வீடு மறைந்தது. அதன் கொடியில் கிடந்த வெள்ளைத் துணி காணாமல் போனது. அடுத்த கொடி காலியானது. அதற்கடுத்தது. ஏதோ ஒன்று துணிகளைத் தின்றுகொண்டே என்னைப் பார்க்க மேலே ஏறி வந்தது. அருகில் வந்தபோது அது கால் முளைத்த துணி மூட்டையாக இருந்தது. நான் போட்ட சத்தத்தை மேட்டுப்பாளையத்தில் கேட்டிருப்பார்கள்.

மூட்டைக்குப் பின்னாலிருந்து அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி, மிலிட்டரி திட்டிட்டாரா?"

"அக்கா, இந்தத் தெருவுல ஆருங்க்கா இருக்கறாங்க?"

அவர் மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க இருக்கீங்கல்ல" என்றார்.

அவர் வீட்டு அடுப்பருகே உட்கார வைத்து டீ கொடுத்தார். வெளியூர் போனவர்கள் எல்லோரும் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். விட்டுப் போன பழந்துணிகளை அவர் தினமும் கொடியில் போட்டார். ஒரு நாள் ஒரு வீட்டில் என்று முறை வைத்து அடுப்பு மூட்டிப் புகை விட்டார். மிலிட்டரிக்காரர், பிள்ளைத்தாச்சி எல்லாம் அவராகக் குடிவைத்த ஆட்கள். மலையில் பனி மூடும்போது கொடியில் துணி கிடந்தால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தமாம். திருட வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பானாம். அதனால் போட்டதை ஓடி ஓடி எடுக்கவும் வேண்டியிருந்தது.

"கீழ்த்தெருவப் பாத்தீங்கல்ல தம்பி?"

பார்த்திருந்தேன். சுவர்கள் மட்டும் நின்றன. ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை.

"அதுவும் நம்ம தெரு மாதிரிதான் இருந்துச்சு. ஒரு வீடு காலியானா கரடி வரும். ரெண்டு காலியானா ஆளு வருவான். மூணு காலியானா நாமளே போயிருவோம். முதல்ல குழாயக் கழட்டினாங்க. அப்புறம் கதவு, அப்புறம் கூரைத் தகரம். கடைசியா இருந்த குடும்பம் பொழுது விடியறதுக்குள்ள போயிடுச்சு."

"போலீசுல சொல்லலாமுங்களே."

"சொன்னேன். ஆளில்லாத வீட்டுக்கு யாரும்மா கம்ப்ளெயின்ட் குடுக்கிறதுன்னு கேட்டாங்க."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "சின்னதுல சிலோன்ல நாங்க இருந்த லயத்து வரிசை வீட்டுல ஒவ்வொரு காம்பராக் குடும்பமா கப்பலுக்குக் கிளம்பிப் போனாங்க. எங்க முறை வரவரைக்கும் அந்த வரிசையில நாங்க மட்டும்தான். அம்மா பகல்லயே தாழ்ப்பாப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. பக்கத்துக் காம்பராவுல நடக்கிற சத்தம் கேட்கும். யாரும் இல்ல. ஆனா கேட்கும். அந்தச் சத்தத்த இன்னொரு தடவ என்னால கேட்க முடியாது தம்பி. ஃபேக்டரி மூடினப்ப கிடைச்சது பூராவும் இந்த வீட்டுல போட்டுட்டேன். நீங்களும் போயிட்டா அப்புறம் நான் ஒருத்திதான். எனக்கு இறங்கிப் போக ஊரு கிடையாது."

என்னை ஏமாற்றியவரிடம் கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அவரை விட்டால் கோபப்படக்கூட அந்தத் தெருவில் எனக்கு வேறு ஆளில்லை.

அதற்குப் பிறகு மேல்பாதிக் கொடிகள் என் பொறுப்பாயின. அக்காவின் பயம் எனக்கும் தொற்றியது. எனக்கு ஏற்கெனவே இருந்ததோடு அது கலந்து நன்றாகக் கொழுத்தது. ஆபீசில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே வெளுப்பாகத் தெரிந்தால் அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு ஓடி வருவேன். அக்கா வேலையில் கறார். "பிள்ளைத்தாச்சி வீட்டுல நேத்துப் போட்ட அதே பாவாடையப் போட்டிருக்கீங்க. அவ என்ன, ஒரே பாவாடையா வச்சிருக்கா?" என்று திட்டுவார். மிலிட்டரிக்காரரின் பனியனை நான் ஒழுங்காக உதறாமல் போட்டதற்கு, "அவர் பாத்தா என்ன சொல்வார்" என்று ஒரு நாள் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லீவு வந்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். தெரு பிடித்திருந்தால் இங்கேயே குடித்தனம். இல்லாவிட்டால் நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்பது பேச்சு. அக்கா முந்தின நாளே எல்லா வீட்டு வாசலையும் பெருக்கிக் கோலம்கூடப் போட்டுவிட்டார், மனந்திருப்பும் சபைக்காரர் வாசல் தவிர. "எதிலயும் ஒரு நியாயம் வேணும்ல" என்றார்.

என் மனைவி என்னைப் போல் இல்லை. வந்து இறங்கியதும் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "இத்தன சனம் இருக்கறாங்க, ஒரு கொழந்த சத்தங்கூடக் கேக்கல?" என்றாள்.

"படிக்கற புள்ளைங்க அம்மணி."

"லீவுலயா?"

மூன்று மணிக்குப் பனி ஏறியது. "சக்கரை வாங்கிட்டு வந்தர்றேன்" என்று வெளியே பாய்ந்தேன். மேல்கோடியை முடித்து, நீலக் கதவு வீட்டுக் கொடியில் பாவாடையை உருவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்க, பிள்ளத்தாச்சி பாவாடையில உங்களுக்கென்ன வேலைங்க?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பாவாடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபோதே அவள் கண் என்னை விட்டு விலகித் தெருவுக்குப் போனது. கை என் தோளைப் பிடித்து இறுக்கியது.

தெரு நடுவில் காட்டெருமை ஒன்று நின்றது. பனிக்குள்ளிருந்து அப்படியே கருப்பாகத் திரண்டு வந்தது போலிருந்தது. ஒண்டி. கூட்டத்தோடு இருக்கும் எருமை தன் பாட்டுக்குப் போய்விடும். ஒண்டி எருமைக்கு எதிரே நிற்கக் கூடாது என்று ஆபீசில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு எதிரே, மிலிட்டரிக்காரர் வீட்டுப் படியில், தோள் நிறையத் துணியோடு அக்கா நின்றார். இறங்க வழியில்லை. எருமை தலையைத் தாழ்த்தி மூச்சை விட்டது. அந்த மூச்சு எங்களுக்குக் கேட்டது.

என் மனைவி கத்தினாள். "ஏனுங்க, ஆராச்சும் வெளிய வாங்க. அக்காவ மாடு குத்தப் போகுது. கதவத் தொறங்க."

கொடிகள் ஆடின. ஒரு வீட்டில் புகை வந்தது. எதிர்வீட்டில் ரேடியோ பாடியது. ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதைவிட எனக்குக் குலை நடுங்கியது அடுத்து நடந்ததில்தான். அக்கா எருமைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அந்த வீட்டுச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அதைத் தொடவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தட்டினார்.

"அண்ணா, கதவத் திறங்க. நான்தான். அண்ணா, நான்தான்."

கெஞ்சுகிற குரல். உள்ளே இருக்கிறவருக்கு அது நன்றாகப் பழகிய குரல் போல.

எருமை கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு அக்கா கீழே போட்டிருந்த போர்வையை முகர்ந்துவிட்டு, மெதுவாகத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. என் மனைவிதான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தாள். எங்கள் வீட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார்.

"தூங்கிட்டார் போல" என்றார்.

அன்று மாலை நான் பெட்டியை எடுத்து வைத்தேன். தெரு காலி என்பதைச் சொல்லாமலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பதற்கு அடையாளம். மனைவி அதை மறுபடி அலமாரிக்கு மேல் வைத்தாள்.

"ஆள் இருக்கறாங்கன்னு எழுதுனீங்களே."

"ஒருத்தங்க இருக்கறாங்கல்ல அம்மணி."

"நாளைக்கு வண்டிக்கு நாம எறங்கிட்டா, அவீங்க அந்தக் கதவத் தட்டீட்டேதான் இருப்பாங்க. நம்மூட்டுக் கதவையுந்தான் தட்டுவாங்க. புள்ளைய இங்கயே ஸ்கூல்ல சேத்துங்க."

அப்படித்தான் நாங்கள் தங்கினோம். என் மனைவி வந்த பிறகு தெரு கொஞ்சம் ஒழுங்குபட்டது. முதல் காரியமாக அக்காவிடம் போய், "ஏனுங்க்கா, அந்தப் பிள்ளய எத்தன வருசந்தான் வயித்துலயே வெச்சிருப்பீங்க?" என்று கேட்டு, எங்கள் மகளின் பழைய சொக்காய்களை நீலக் கதவு வீட்டுக் கொடியில் போட்டுப் பிரசவத்தை முடித்து வைத்தாள். அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் மிலிட்டரிக்காரர் விஷயத்தில் மட்டும் அவள் விளையாடவில்லை. எதிர்வீட்டுத் துணியை அக்கா தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்றாகிவிட்டது. அக்கா ரேடியோவைப் போட உள்ளே போனால் இப்போதெல்லாம் உடனே திரும்புவதில்லை.

பிறகு ஒரு நாள் நாங்கள் எல்லோரும் காத்திருந்தது நடந்தது. அந்த எதிர்வீட்டையே வாங்க ஆள் வந்தது. ஊட்டிக்குப் பக்கம் லவ்டேலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும். கூடவே திருப்பூரிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர். உண்மையான மனிதர்கள், மூன்று பேர், சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வாங்கிவிட்டால் இன்னொருவர் வருவார். பார்த்துவிட்டுப் போய்விட்டால் இந்தத் தெரு அவ்வளவுதான் என்று அவர்களைக் கூட்டி வந்த புரோக்கர் என் காதில் சொன்னார்.

"அக்கா, சாவிங்க" என்றார் சொந்தக்காரர்.

அக்கா சாவியைக் கையில் மூடிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"சொல்லாம கொள்ளாம வந்தா எப்படி? அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்ல. இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்."

எங்களை இஸ்தோப்பில் நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ரேடியோ நின்றது. பிறகு அக்காவின் குரல் தணிவாகக் கேட்டது. கொஞ்சம் பேசுவார். பிறகு மௌனம். ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு மௌனம். மறுபடி பேசுவார். நான் அந்த மௌனத்துக்குள் காதை நுழைக்காமலிருக்கப் படாத பாடு பட்டேன்.

சமையல்காரரின் மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "உள்ள யாருங்க? ஆள் குடியிருக்காங்களா?"

சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் புரோக்கரைப் பார்த்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"காலி பண்றாருங்க. வயசானவரு. மெதுவாத்தான் வருவாரு."

அந்த அம்மாள் பையைத் தளர்த்தினார்.

கதவு திறந்தது. அக்கா ஒரு கையில் ரேடியோவும் மறுகையில் மடித்த பனியன் லுங்கியுமாக வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. சாவியைச் சொந்தக்காரரிடம் நீட்டினார்.

"சம்மதிச்சுட்டார்" என்றார். பிறகு ரேடியோவை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "உங்க வீட்டுப் பின்னறையில இருந்துக்கிறேன்னார் தம்பி. சத்தமா வைக்க மாட்டாராம்."

என் மனைவி தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போய்ப் பின்னறையைப் பெருக்கி, ஒரு நாற்காலி போட்டாள்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. தெருவில் இப்போது எல்லா வீட்டிலும் ஆள். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவு சௌகரியம். பழைய பேப்பரும் மண்வெட்டியும் பின்னறையில்தான் கிடக்கின்றன. எடுக்கப் போகும்போதெல்லாம் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். பதில் வராதவரைக்கும் நிம்மதி.